கருகிய கையும் கனத்த குண்டும்

நம் மன்ற மலருக்கு வாழ்க்கை வரலாறு ஒன்று எழுதித் தருமாறு ஆசிரியர் குழுவினர் என்னைக் கேட்டபோது, கணித மேதை இராமானுசனையோ சர். சி. வி. இராமனையோ எதிர்பார்த்திருப்பார்கள். நான் எல்மர் கீத் என்றேன். குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அவர் விஞ்ஞானியா, கவிஞரா என்று ஒரு நண்பர் வினவினார். மாடு மேய்த்தவர் என்றேன். சிரித்தார்கள். அமெரிக்க நாட்டில் ரிவால்வர் ஏந்தி வேட்டைக்குப் போகிறவர் எவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் சிரிக்கமாட்டார்.

வேட்டை என்றதும் நம் விடுதியில் இரண்டு பெயர்களே அடிபடுகின்றன. குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளை வீழ்த்திய ஜிம் கார்பெட் ஒருவர். நம் சேலம், தருமபுரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் மற்றொருவர். இருவரும் தோளில் ஊன்றிச் சுடும் நீண்ட துப்பாக்கியை நம்பியவர்கள். இடுப்பில் தொங்கும் ரிவால்வரைக் கொண்டு ஒரு பெரிய விலங்கை வேட்டையாடலாமா, ஆடலாம் என்றால் எத்தகைய ரிவால்வரைத் தேர்வது என்ற கேள்விக்குத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் எல்மர் கீத்.

எனக்கு இவர் அறிமுகமானது நூலகத்தில் அன்று, வகுப்பறையில். மூன்றாம் ஆண்டில் தடித்த சுவருள்ள உருளைகளைப் பற்றிய பாடம். பிரெஞ்சுக் கணிதவியலார் லாமே வகுத்த சூத்திரத்தைப் பலகையில் எழுதிவிட்டு, உருளைக்குள் அழுத்தம் மிகும்போது உட்சுவரே முதலில் பிளவுபடும் என்று விளக்கிக்கொண்டிருந்த எங்கள் பேராசிரியர், 1925-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க மாட்டுக்காரர் கையில் ரிவால்வர் வெடித்த கதையைச் சொன்னார். மற்றவர்கள் சூத்திரத்தைக் குறித்துக்கொண்டார்கள். நான் மாட்டுக்காரரின் பெயரைக் குறித்துக்கொண்டேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. என் ஊர் ஜவ்வாது மலை அடிவாரம். எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு காட்டுப்பன்றி வந்து விழுந்து கிடந்தது. யாரோ மலையில் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள். சில்லுகள் விலாவில் பாய்ந்திருந்தன, உயிரோ போகவில்லை. இரண்டு நாள் கிணற்றடியில் கிடந்து உறுமிற்று. கிட்டப் போக யாருக்கும் துணிவில்லை. வனத்துறைக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் சத்தம் நின்றிருந்தது. என் பாட்டி அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. கொல்வது பாவமா இல்லையா என்பது ஒருபுறமிருக்க, அரைகுறையாகக் கொல்வது பெரும்பாவம் என்று அவர் சொன்னது என் நெஞ்சில் தங்கிவிட்டது. கீத் என்ற மனிதரின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அவரும் அதே இடத்தில் நின்று யோசித்தவர் என்று கண்டேன்.

எல்மர் கீத் 1899-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹார்டின் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் மேற்கே மான்டானாவுக்குக் குடிபெயர்ந்தது. மிசூலா நகரில் அவர்கள் தங்கியிருந்த விடுதி ஓர் இரவு தீப்பற்றி எரிந்தது. அப்போது எல்மருக்குப் பன்னிரண்டு வயது. முகம், தோள், கைகள் எல்லாம் வெந்துபோயின. பிழைத்ததே அரிது. புண் ஆறியபோது இடக்கை மணிக்கட்டில் பின்புறமாக இழுத்துக்கொண்டு கோணிப்போயிற்று. மருத்துவர்கள் கைவிட்டபின், வீட்டிலேயே அந்தக் கையை மீண்டும் உடைத்து நேராக்கிக் கட்டியதாக அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அன்று மேலே படிக்க மனம் வரவில்லை.

கை கருகிய சிறுவன் எதை விளையாட்டாகத் தேர்ந்தான் என்று பாருங்கள்! கை நடுங்காமல் இருந்தாலன்றிக் கைகூடாத விளையாட்டைத் தேர்ந்தான். அக்காலத்து மான்டானாவில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கிழவர்கள் இன்னும் உயிரோடிருந்தார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்டான். கதையோடு கைத்துப்பாக்கி பிடிக்கும் முறையும் கற்றான். பல்கலைக்கழகத்தை மிதிக்காதவன், அவனுக்குப் பல்கலைக்கழகம் அந்தக் கிழவர்களே.

வளர்ந்தபின் முரட்டுக் குதிரைகளைப் பழக்கினார், மாடுகளை ஓட்டினார், வேட்டைக்கு வருவோருக்கு வழிகாட்டியாகப் பொதி குதிரைகளோடு மலையேறினார். குதிரைமேல் வேலை செய்கிறவனுக்கு நீண்ட துப்பாக்கி எப்போதும் கைக்கு எட்டாது. அது சேணத்தில் செருகியிருக்கும். குதிரை அவனைக் கீழே தள்ளிவிட்டு, அங்கவடியில் சிக்கிய காலோடு இழுத்துக்கொண்டு ஓடினால், இடுப்பிலிருக்கும் ரிவால்வர் ஒன்றுதான் துணை. மதம்பிடித்த காளை எதிரே வந்தாலும் அதே கதை. ஆகவே கீத்துக்கு ரிவால்வர் அலங்காரப் பொருளன்று. அது எந்த விலங்கையும் நிறுத்தவல்லதாக இருக்கவேண்டும் என்று விரும்பினார்.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. நீண்ட துப்பாக்கியின் குண்டு பெருவேகத்தில் பாய்கிறது. உடலில் புகுந்ததும் அவ்வேகத்தால் விரிந்து பெரும் சேதம் செய்கிறது. ரிவால்வரின் குழலோ நான்கு முதல் ஏழெட்டு அங்குலமே. வெடிமருந்தின் வாயு தன் முழு வேலையையும் செய்து முடிப்பதற்குள் குண்டு வெளியே போய்விடுகிறது. வேகம் குறைவு. வேகத்தை நம்ப முடியாதவன் எதை நம்புவது? எடையையும் அகலத்தையும் நம்பவேண்டும் என்பது கீத்தின் கொள்கை. சிறிய குண்டு வேகமாகப் போவதைவிடப் பெரிய குண்டு நிதானமாகப் போய் ஆழமாகத் துளைத்து மறுபுறம் வெளியேறுவது மேல் என்றார். இந்தக் கொள்கையிலிருந்து இறுதிவரை அவர் அசையவேயில்லை. பிடிவாதக்காரர் என்று சொல்லலாம், நானும் சொல்கிறேன்.

முதலில் அவர் நாடியது அக்காலத்து மாட்டுக்காரர் எல்லாரும் நாடிய .45 கோல்ட். 1873-இல் அமெரிக்கப் படைக்கென வந்த பழைய வகை, கரிமருந்துக்காக அமைந்தது. அதில் நீண்ட துப்பாக்கிக்குரிய 300 கிரெயின் எடையுள்ள குண்டைச் செதுக்கிப் பொருத்தி, கீழே நிறைய மருந்தை நெருக்கி அடைத்தார். நம் கணக்கில் அது 19 கிராமுக்குச் சற்று மேல். 1925-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், அமெரிக்க விடுதலைத் திருநாள். கொண்டாட்டமாக வானை நோக்கிச் சுட்டார். உருளையிலிருந்த மூன்று அறைகளின் மேற்பாதியும், அவற்றின்மேல் பாலம்போல் செல்லும் இரும்புப் பட்டையும் பறந்துபோயின. ஏற்கெனவே ஒருமுறை தீக்குத் தப்பிய கை இம்முறையும் தப்பியது.

எங்கள் பேராசிரியர் சொன்ன கதை இதுதான். வேறொருவராக இருந்தால் மருந்தைக் குறைத்திருப்பார். அல்லது துப்பாக்கியையே விட்டிருப்பார். கீத் உடைந்த துண்டுகளை ஆராய்ந்தார். ஒரே பருமனுள்ள உருளையில் ஆறு துளைகள். துளை பெரிதானால் அவற்றுக்கிடையே மிஞ்சும் சுவர் மெலிந்துபோகும். .45 துளைகளுக்கு இடையே இருந்த சுவர் போதவில்லை. துளையைச் சற்றே குறைத்தால் சுவர் தடிக்கும். லாமேயின் பெயரைக் கேள்விப்படாத மனிதர், லாமேயின் சூத்திரம் சொல்லும் முடிவுக்கே வந்து சேர்ந்தார். அன்றுமுதல் .45-ஐ விட்டு .44 ஸ்பெஷலைப் பற்றிக்கொண்டார்.

.44 என்ற பெயரைக் கேட்டு ஏமாறவேண்டாம். அதன் குண்டின் உண்மையான விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 429 பங்கே. துப்பாக்கி உலகில் பெயருக்கும் அளவுக்கும் பொருத்தம் பார்ப்பது நம் விடுதி உணவுப்பட்டியலில் பெயருக்கும் பண்டத்துக்கும் பொருத்தம் பார்ப்பதைப் போன்றது.

குண்டையும் தாமே வடிவமைத்தார். அதுவரை ரிவால்வர் குண்டுகள் பெரும்பாலும் உருண்ட மூக்குடையவை. தசையை விலக்கிக்கொண்டு வழுக்கிச் செல்லும். காயம் பின்னால் மூடிக்கொள்ளும். விலங்கு ஓடிப்போய் எங்கோ மெல்லச் சாகும். கீத்தின் குண்டு தட்டையான அகன்ற மூக்கும் கூர்மையான தோள்விளிம்பும் உடையது. எடை 250 கிரெயின், அதாவது 16 கிராமுக்குச் சற்று மிகுதி. தாளில் சுட்டால் அச்சுவைத்து வெட்டியதுபோல் வட்டமாகத் துளை விழும். லைமன் நிறுவனம் அதற்கு வார்ப்பச்சு செய்து விற்றது. இன்றைக்கும் அந்த வடிவத்துக்குக் கீத் குண்டு என்றே பெயர்.

ஓரிகன் மாநிலத்து டர்க்கீ என்ற ஊரில் அவர் பண்ணை வைத்திருந்தபோது, தொலைதூரத்து இலக்குகளை ரிவால்வரால் அடிப்பதாக அவர் எழுதியதை நம்பாத ஹெரால்டு கிராஃப்ட் என்பவர், பிலடெல்பியாவிலிருந்து ஒரு பெட்டி நிறையத் துப்பாக்கிகளோடு நேரில் பார்த்துவிடக் கிளம்பி வந்தார். சந்தேகிக்க வந்தவர் நண்பராகித் திரும்பினார். இருவருடைய கருத்தும் பல கைவினைஞர்களின் உழைப்பும் சேர்ந்து ஐந்தாம் எண் என்று பெயர்பெற்ற .44 ரிவால்வர் உருவாயிற்று. பிடி கைக்கு இசையும்படி மாற்றப்பட்டது, மேற்பட்டை தடிக்கப்பட்டது, குறிபார்க்கும் முனைகள் திருத்தப்பட்டன. 1929 ஏப்ரலில் அமெரிக்கன் ரைஃபிள்மேன் இதழில் அதைப்பற்றி எழுதினார். நாட்டின் மூலைமுடுக்கிலிருந்த துப்பாக்கிப் பித்தர்களெல்லாம் அவர் பெயரை அறிந்தது அதன்பின்தான்.

தொலைதூரத்தில் அடிக்கும் வித்தையில் மாயம் ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து முதுகை ஒரு பாறையிலோ மரத்திலோ சாய்த்து, முழங்கால்களை மடக்கி, அவற்றினிடையே இரு கைகளையும் ஊன்றிக்கொள்வார். முன்முனையில் குறுக்காகப் பொன் கோடுகள் பதித்திருப்பார். தூரத்துக்கேற்ப முனையை உயர்த்தி, எந்தக் கோட்டின்மேல் இலக்கு நிற்கவேண்டும் என்று பழகி வைத்திருப்பார். பழக்கம், பழக்கம், மேலும் பழக்கம்.

1935-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னம் என்ற புதிய ரிவால்வரை வெளியிட்டது. நிறுவனத்தைச் சேர்ந்த டக்ளஸ் வெஸ்ஸன் அதைக் கையிலேந்தி எல்க், மூஸ் போன்ற பெருமான்களை வேட்டையாடிக் காட்டினார். ரிவால்வர் வேட்டை என்பது விந்தையாக இல்லாமல் ஒரு துறையாகத் தலையெடுத்தது அப்போதுதான் எனலாம். அதன் குண்டு 158 கிரெயின். வேகம் அந்நாளில் வியப்பூட்டுவது. உலகமே பாராட்டியது. கீத்தும் நல்ல துப்பாக்கி என்றார். ஆனால் குண்டு சிறியது என்றார். மெல்லிய துளை, மெல்லச் சாவு என்பது அவர் கணக்கு. .44-க்கு இதே உபசாரம் செய்யுங்கள் என்று துப்பாக்கி நிறுவனங்களுக்கும் தோட்டா நிறுவனங்களுக்கும் எழுதத் தொடங்கினார். 250 கிரெயின் குண்டு, நொடிக்கு 1200 அடி வேகம். இதுவே அவர் கோரிக்கை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எழுதினார். இடையில் இரண்டாம் உலகப்போர். யூட்டா மாநிலத்து ஆக்டன் படைக்கலச்சாலையில் துப்பாக்கிகளைச் சோதித்துத் தேறியவற்றில் முத்திரையிடும் வேலை. போருக்குப் பின் ஐடஹோ மாநிலத்தில் சால்மன் ஆற்றங்கரையிலுள்ள சால்மன் என்ற ஊரிலேயே வாழ்ந்தார். குள்ளமான உருவம், அதன்மேல் உருவத்துக்குப் பொருந்தாத பெரிய தொப்பி, வாயில் சுருட்டு. இதழ்களுக்கு ஓயாமல் எழுதினார்.

நிறுவனங்கள் மறுத்ததற்கும் நியாயமுண்டு. .44 ஸ்பெஷல் துப்பாக்கிகள் 1907-ஐ ஒட்டிய காலம் முதல் வீடுகளில் இருந்தன. அவற்றின் பழைய எஃகு கீத்தின் மருந்தைத் தாங்காது. வலிய தோட்டாவைக் கடையில் விற்றால், விவரமறியாதவர் எவரேனும் தாத்தாவின் துப்பாக்கியில் அதைப் போட்டுக் கையை இழப்பார். கை இழப்பது என்ன என்று கீத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! ஆயினும் அவர் விடவில்லை. விடையோ மிக எளியது. தோட்டாக்கூட்டை ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீளமாக்கிவிட்டார்கள். புதிய தோட்டா பழைய துப்பாக்கியின் அறைக்குள் முழுவதும் நுழையாது. பழைய தோட்டாவோ புதிய துப்பாக்கியில் தாராளமாக நுழையும். .38 ஸ்பெஷலிலிருந்து .357 பிறந்தபோது கையாண்ட அதே உபாயம். பொறியியல் படிப்போர் இதைச் சற்று நின்று இரசிக்கவேண்டும். எச்சரிக்கைப் பலகை எதுவும் வேண்டாம்; பொருளே தவறு செய்ய இடங்கொடாது.

ரெமிங்டன் தோட்டாவைச் செய்தது. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் துப்பாக்கியைச் செய்தது. 1955-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் முதல் .44 மேக்னம் உருவாகி வெளிவந்தது. 1956 தொடக்கத்தில் ஒன்று கீத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் கேட்டது 1200 அடி. அவர்கள் கொடுத்தது 240 கிரெயின் குண்டுக்கு ஏறத்தாழ 1400 அடி. கேட்டதற்கு மேலே கொடுத்துவிட்டார்கள்! உதைப்பும் அதற்கேற்ப இருந்தது. வாங்கிய பலர் சில குண்டுகளைச் சுட்டுவிட்டு, கைவலி தாங்காமல் விற்றுவிட்டார்கள். 1971-இல் டர்ட்டி ஹாரி திரைப்படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதை ஏந்தி வந்தபின், சுடத் தெரியாதவர்களும் அதைக் கேட்டுக் கடைவாசலில் நின்றார்கள். வேட்டைக்காரர் இருபதாண்டு மன்றாடிப் பெற்றதைத் திரைப்படம் ஒரே ஆண்டில் பொம்மையாக்கிவிட்டது.

வேட்டைக்கு ரிவால்வர் தேர்வது பற்றிக் கீத் எழுதியவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வலிமை என்பது பாதிதான். நீ எய்தவிருக்கும் விலங்கின் உடலை ஊடுருவிச் செல்லும் எடை வேண்டும். நாள் முழுவதும் இடுப்பில் சுமக்க இலேசாக இருக்கவேண்டும்; ஆனால் சுடும்போது துள்ளாத அளவுக்குக் கனமாகவும் இருக்கவேண்டும். பிடி உன் கைக்கு அளவாக இருக்கவேண்டும். உன்னால் தாங்க முடியாத வலிமை விலங்குக்கு நன்மை செய்யாது. நீ கண்ணை மூடிக்கொண்டு சுடுவாய், குண்டு வயிற்றில் பாயும். இன்று .44-ஐவிட வலிய ரிவால்வர்கள் பல வந்துவிட்டன, 2003-இல் வந்த.500 அவற்றுள் ஒன்று. கேள்வி என்னவோ மாறவில்லை.

இனி அவர் வாழ்வில் மிகுந்த வாதத்தைக் கிளப்பிய செய்தி. ஒரு வேட்டையில், உடன் வந்தவர் சுட்டுக் காயப்படுத்திய கலைமான் ஒன்று மலைச்சரிவில் ஏறித் தப்பிக்கொண்டிருந்தது. கீத்தின் கையில் ரிவால்வர் மட்டுமே. தூரம் 600 கஜம். சுட்டார், மான்மேல் பட்டது என்று எழுதினார். 600 கஜம் என்றால் ஏறத்தாழ 550 மீட்டர். நம் விடுதி வாயிலில் நின்று நூலகத்தின் கடிகாரத்தைக் குறிபார்ப்பது போன்றது. நாடெங்கும் நகைத்தார்கள், பொய்யர் என்றார்கள். அவுட்டோர் லைஃப் இதழின் ஜாக் ஓ’கானர், இதழியல் பேராசிரியராக இருந்தவர், இலேசான வேகமான குண்டுகளின் கட்சிக்காரர், கீத்தோடு எழுத்தில் ஓயாது மோதினார். 1979-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலுக்குக் கீத் வைத்த பெயரே, நான் அங்கே இருந்தவனல்லவா என்று அதட்டுவதுபோல் அமைந்தது.

நான் பொய்யா மெய்யா என்ற வாதத்துக்குள் போகவில்லை. என்னை வாட்டியது வேறு. அத்தனை தூரத்தில் உயிருள்ள ஒன்றின்மேல் குறிவைப்பதே தகுமா? ஒரு குண்டு மூக்கிலோ காலிலோ பட்டால் நம் கிணற்றடிப் பன்றியின் கதைதானே? முதல் முறை படித்தபோது கீத்தின்மேல் கோபம் வந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். அந்த மானை அவர் காயப்படுத்தவில்லை. அது ஏற்கெனவே அடிபட்டிருந்தது. விட்டுவிட்டால் முகட்டைத் தாண்டி எங்கோ நாட்கணக்கில் துடித்திருக்கும். எங்கள் கிணற்றடியில் நாங்கள் செய்தது அதுதான், பார்த்துக்கொண்டு நின்றோம். கையில் ஆறு குண்டும் நாற்பதாண்டுப் பழக்கமும் உள்ளவர் ஒருவர் அங்கிருந்திருந்தால் என் பாட்டி அவரைத் திட்டியிருப்பாரா, வாழ்த்தியிருப்பாரா என்று இன்றும் எனக்குத் தெளியவில்லை. ஆனால் நலமாக நின்றிருந்த மானை அவ்வளவு தொலைவில் சுட்டிருந்தால் இக்கட்டுரையை நான் எழுதியிருக்கமாட்டேன்.

நம் நாட்டில் இக்கேள்விகள் ஏட்டளவிலேயே நிற்கும். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தாழிட்டுவிட்டது, அது நல்லதே. அமெரிக்காவிலோ, .44 மேக்னம் வந்தபின் பல மாநிலங்கள் கைத்துப்பாக்கி வேட்டைக்கு இடமளித்தன. துளைக்கும் வலிமைக்கும் கீழெல்லை வகுத்த மாநிலங்களும் உண்டு. மெலிந்த துப்பாக்கியோடு மானைத் தேடிப் போகாதே என்று கீத் கத்திக்கொண்டிருந்தது சட்டமாயிற்று.

1973-இல் சிறந்த அமெரிக்கக் கைத்துப்பாக்கியாளர் என்ற விருது முதன்முதலாக அவருக்கே அளிக்கப்பட்டது. 1981-இல் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. அதன்பின் அவர் எழுதவில்லை, சுடவுமில்லை. 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் காலமானார். அவருடைய துப்பாக்கிகள் நெடுங்காலம் ஐடஹோவின் பாய்சி நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. 2015-இல் அவை ஏலத்துக்கு வந்தன. ஐந்தாம் எண் ரிவால்வரும் அவற்றோடு விலைபோயிற்று. அந்தப் பிடி இப்போது யாரோ ஒருவர் கைக்குள் இருக்கிறது.